ஏழாம் மாதத்தில் வலி: குறைப்பிரசவம் ஆகுமா?

கேள்வி: என் மகளுக்கு இது 29-வது வாரம். அடிக்கடி வயிறு இறுகி வலிக்கிறது. படுக்கையருகிலேயே ஏதோ சோதனை செய்துவிட்டு, "இப்போதைக்குப் பிரசவம் ஆகாது" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நம்பலாமா?

பதில்: பெரும்பாலும் நம்பலாம், அம்மா. அது ஃபைப்ரோநெக்டின் சோதனையாக இருக்கலாம். குழந்தையைச் சூழ்ந்த சவ்வைக் கருப்பையோடு பசைபோல ஒட்டிவைக்கும் புரதம்தான் ஃபைப்ரோநெக்டின். 22 முதல் 35 வாரம் வரை பிறப்புப் பாதையில் அது அதிகம் தென்படக் கூடாது. பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தால் சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும். மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் குறைவாக இருந்தால், அடுத்த ஏழு நாளில் பிரசவமாகும் வாய்ப்பு மிகக் குறைவு.

கூடுதலாக இருந்தாலும் குறைப்பிரசவம் உறுதி என்று கலங்க வேண்டாம். அப்படி முடிவு வந்த பெண்களிலும் பலர் மாதம் நிறைந்தே பெறுகிறார்கள். ஆனால் ஆயத்தமாக அவகாசம் கிடைக்கிறது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே மாற்றலாம். சிசுவின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடலாம். போட்ட ஒரு வாரத்துக்குள் பிரசவமானால்தான் அதன் பலன் அதிகம். அவசரப்பட்டு முன்னதாகப் போட்டு வீணாக்காமல் காப்பதே இச்சோதனையின் பெரிய உதவி என்பேன்.

ரத்தக்கசிவோ, முந்தைய 24 மணி நேரத்தில் தாம்பத்திய உறவோ இருந்தால் முடிவு பிசகலாம். மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்தார்களா என்றும் கேளுங்கள். வலி கூடினாலோ, நீர் அல்லது ரத்தம் கசிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ ஏழு நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.