பெயரும் எண்ணும்

நுழையும்முன்

எண் ஒன்றே ஆயினும் இடத்திற்கேற்ப அதன் பொருள் மாறும். கம்பம் பள்ளத்தாக்கினர் அணைகளின் நீர்மட்டத்தில் காணும் இவ்வுண்மையைக் கணினியின் சைகை எண்களிலும் காணலாம்.

தேனி மாவட்டத்து வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர் 66 அடியை எட்டினால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. அணையில் நிற்பவர் எண்ணைப் படிக்கிறார். கரையோர ஊர்களுக்குச் செல்வதோ பெயர். 142 அடிவரை நீர் தேக்க உச்ச நீதிமன்றம் 2014இல் இசைவளித்த முல்லைப் பெரியாறு அணையிலோ, அதே 69 அடி வெள்ளமன்று, வறட்சி.

லினக்ஸ் இயக்க அமைப்பில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அனுப்பப்படும் குறுஞ்செய்தியே சிக்னல் எனும் சைகை. ஒவ்வொரு சைகைக்கும் பெயரும் எண்ணும் உண்டு. 'டெர்ம்' 15ஆம் எண். முடித்துக்கொள் என்னும் வேண்டுகோள். நிரல் அதனைப் பெற்று, திறந்த கோப்புகளை மூடி விடைபெறலாம். 'கில்' 9ஆம் எண். எந்த நிரலாலும் இதனைத் தடுக்க இயலாது. 15க்கு மாற்றாக 9 சென்றால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்துபோகக்கூடும்.

கட்டளைகளை வாங்கி நிறைவேற்றுவது ஷெல். அவற்றை வரிசையாக எழுதிவைத்த கோப்பு ஆணைத்தொடர். பயனர் தரும் சைகையை ஆணைத்தொடர் சோதித்த பின்னரே அனுப்புதல் வேண்டும். அனுப்பும் கட்டளையின் பெயரும் 'கில்' என்பதே. மயக்கம் தரும் பெயர்தான். பாஷ் என்னும் ஷெல்லில் அக்கட்டளையுடன் 'எல்' என்னும் தெரிவைச் சேர்த்து 15 எனக் கொடுத்தால் 'டெர்ம்' என விடை வரும். 'டெர்ம்' எனக் கொடுத்தால் 15 வரும். இல்லாத பெயருக்குப் பிழைச்செய்தி வரும்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. 143 எனக் கொடுத்தாலும் 'டெர்ம்' என்றே விடை வரும். சைகையால் முடிந்த நிரலுக்கு, சைகை எண்ணுடன் 128ஐக் கூட்டி முடிவெண்ணாகத் தருவது ஷெல்லின் வழக்கம். அந்த முடிவெண்ணையும் கட்டளை புரிந்துகொள்கிறது. விடை வந்ததாலேயே 143 சைகை எண் ஆகிவிடாது. எனவே, கிடைத்த பெயரை மீண்டும் எண்ணாக்கி முதலில் தந்த எண்ணோடு ஒப்பிடுக. 143 சென்று 15 திரும்பினால், அதனை ஏற்றல் கூடாது.

மேசைக்கணினி லினக்ஸில் 'யூஎஸ்ஆர்1' சைகையின் எண் 10. மேக் கணினியிலோ 30. அங்கே 10 என்பது நினைவகப் பிழையை உணர்த்தும் 'பஸ்' சைகை. ஆதலால் ஆணைத்தொடரில் எண்ணைவிடப் பெயரை எழுதுவதே நன்று.

கற்பவை கற்றபின்

137 என்னும் முடிவெண்ணுடன் நின்ற நிரலுக்கு வந்த சைகை யாது? கணக்கிட்டுக் கூறுக.