கட்டுரையை விற்றால் எதை விற்கிறோம்?

இம்மலரின் ஆங்கிலப் பகுதிக்கு வந்த நல்லதொரு கட்டுரையை நாங்கள் மனமில்லாமல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. எழுதியவர் சென்ற ஆண்டு நம் பள்ளியில் படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் சென்ற அக்கா ஒருவர். மரவள்ளிக் குச்சி நடுவது முதல் கிழங்கு ஆலைக்குப் போவது வரை, தம் பாட்டி சொன்னவற்றை வைத்து எழுதியிருந்தார். ஆனால் அதே கட்டுரையை ஓர் இணையதளத்தில் 300 ரூபாய்க்கு அவர் முன்பே விற்றுவிட்டார். "விற்றால் என்ன? எழுதியது நான்தானே?" என்றார். எங்களுக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

இணையத்தில் கட்டுரை விற்பது, பார்வைக்கு நம் சேலம் சேகோசர்வில் ஜவ்வரிசி விற்பதைப் போன்றதே. 1981-இல் பதிவான அக்கூட்டுறவுச் சங்கத்தில் ஆலைக்காரர் மூட்டைகளைக் கிடங்கில் இறக்குவார். வியாபாரிகள் மாதிரியைப் பார்த்து விலை கோருவார்கள். கட்டுரைச் சந்தையிலும் எழுதுபவர் தம் கட்டுரையை ஏற்றி வைக்கிறார். வாங்குபவர் தலைப்பையும் தொடக்க வரிகளையும் பார்த்து வாங்குகிறார். தளம் தன் தரகைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறது. வேறு சில தளங்களில் வாங்குபவரே பொருளைச் சொல்லி, சொல்லுக்கு இவ்வளவு காசு என்று எழுதி வாங்குவதும் உண்டு.

ஒற்றுமை இத்துடன் சரி. மூட்டை லாரியில் ஏறிவிட்டால் ஆலைக்காரரிடம் ஒன்றும் மிஞ்சாது. கட்டுரையோ விற்ற பிறகும் எழுதியவரிடமே இருக்கிறது! அப்படியானால் கைமாறியது எது? அதைப் பயன்படுத்தும் உரிமைதான்.

கனடா நாட்டுத் தளமான கான்ஸ்டன்ட் கன்டென்ட் இவ்வுரிமையை மூன்று விதமாகப் பிரித்து விற்றது. முதல் வகையில் வாங்குபவர் எழுதியவர் பெயருடன் வெளியிடலாம். எழுதியவர் அதையே பிறருக்கும் விற்கலாம். இரண்டாம் வகையில் பெயர் இருக்கும், ஆனால் வேறொருவருக்கு விற்க முடியாது. மூன்றாவது முழு உரிமை. வாங்கியவர் திருத்தலாம், பெயரை எடுத்துவிடலாம், தமதென்றே போட்டுக்கொள்ளலாம். அக்கா படிக்காமலே 'சம்மதம்' என்று தொட்டது இத்தகைய முழு உரிமைக்குத்தான்.

ஓர் எழுத்துக்குள் எத்தனை உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்பதற்கு நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்' நாவலே சாட்சி. அது நூலாக வந்தது. 1954-இல் பட்சிராஜா நிறுவனத்தார் தமிழில் படமாக்கினர். பின்னர் தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று அக்கதை பல மொழிகளில் திரைக்குச் சென்றது. அச்சிடுவது, படமாக்குவது, மொழிபெயர்ப்பது ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை; தனித்தனியே விலை பேசலாம்.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதுபவருக்கு ஓரளவு துணை நிற்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ள வேண்டும். உரிமையை விற்ற பின்னும் "இதை எழுதியவர் நானே" என்று கோரும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. ஆக, அக்கா கேட்டது பாதி சரி. எழுதியவர் அவரே, அச்சிட்டுக்கொள்ளத்தான் அவரால் முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டுச் சட்டப்படி செல்லாது. ஆகையால் வீட்டுக்குத் தெரியாமல் அப்பாவின் கைப்பேசியில் கணக்குத் தொடங்க எண்ணும் தோழியர் (இருக்கிறீர்கள், அறிவோம்!) பெற்றோரிடம் முதலில் சொல்லிவிடுவதே நல்லது.

"தமிழில் மொழிபெயர்த்துத் தரட்டுமா?" என்று அக்கா கேட்டார். அதுவும் விற்ற உரிமைக்குள் அடங்கும் என்று வருத்தத்துடன் சொன்னோம். ஆனால் சட்டம் காப்பது சொல்லிய விதத்தைத்தான். மரவள்ளியைப் பற்றி எழுதக் கூடாது என்று யாரும் தடுக்க முடியாது. எனவே அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பாட்டியிடம் மறுபடி உட்கார்ந்தார். இம்முறை பாட்டி நடவைப் பற்றிப் பேசவே இல்லையாம். கிழங்குத் தோல் உரிக்கும் வேலைக்குப் போன தம் இளமைக் காலத்தையே சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தப் புதிய கட்டுரை இம்மலரின் தமிழ்ப் பகுதியில், அக்காவின் பெயருடன் வருகிறது.