முன்கண்ணாடிக் கோட்டிங்: போடுவது சுலபம், எடுப்பதுதான் தொழில்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கார் டீட்டெய்லிங் கடைகளுக்கு ஒரே மாதிரியான புகார் வரும். "வைப்பர் போட்டா தடதடன்னு அதிருது. ராத்திரி எதிர்ல லைட் அடிச்சா கண்ணாடி முழுக்க மங்கலாயிடுது." வந்தவர் ஏற்கெனவே புது வைப்பர் பிளேடு மாற்றிப் பார்த்திருப்பார். பலன் இருந்திருக்காது. பெரும்பாலும் கோளாறு பிளேடில் இல்லை. போன வருடமோ அதற்கு முன்போ முன்கண்ணாடியில் பூசிய மழைநீர் விலக்கும் கோட்டிங் பாதி தேய்ந்து, பாதி ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

வாட்டர் வாஷ் வேலையிலிருந்து டீட்டெய்லிங் வேலைக்கு ஏற நினைக்கும் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் சிறப்பு வேலை இது என்பேன். கருவிகள் குறைவு, பொருள் செலவும் குறைவு. ஆனால் பார்வையும் பொறுமையும் வேண்டும். கோட்டிங் பூசித் தரப் பல கடைகள் இருக்கின்றன. பழையதை மிச்சமில்லாமல் எடுத்துத் தரும் கைகள்தான் குறைவு.

அது ஏன் ஷாம்பூவுக்கு அசைவதில்லை என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். 1970களில் அமெரிக்காவில் வந்த ரெயின்-எக்ஸ், ஜப்பானின் கிளாக்கோ போன்றவை சிலிகோன் வகைப் பொருள்கள். கண்ணாடியும் பெரும்பாலும் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான். அதன் மேற்பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு இந்தக் கோட்டிங் வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. மெழுகு மாதிரி மேலே உட்கார்ந்திருப்பது இல்லை. அக்வாபெல் போன்ற ஃப்ளோரின் வகை இன்னும் பிடிவாதமானது. எந்தக் கோட்டிங்கானாலும் வைப்பர் ஓடும் பாதையில் சீக்கிரம் தேயும், ஓரங்களில் அப்படியே நிற்கும். கோட்டிங் உள்ள இடத்தில் பிளேடு வழுக்கும், தேய்ந்த இடத்தில் பிடிக்கும். அந்த வழுக்கலும் பிடியும் மாறி மாறி வருவதுதான் அதிர்வு. அரைகுறைக் கோட்டிங்கில் நீர் சின்னச் சின்னத் திவலைகளாக நின்று, ஒவ்வொன்றும் எதிர் விளக்கின் ஒளியைச் சிதறடிக்கும். இரவு மழையில் ஓட்டுகிறவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அரைகுறைக் கோட்டிங்கைவிட வெறும் கண்ணாடி எவ்வளவோ மேல்.

பாலிஷைக் கையில் எடுக்கும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி ஆறிய பிறகு நன்றாகக் கழுவித் துடையுங்கள். ஒரு மூலையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு சாண் அளவுக்குத் துடைத்துவிட்டு, தண்ணீர் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். நீர் உடையாமல் படலமாகப் பரவினால், அங்கே இருந்தது எண்ணெய்ப் பிசுக்கோ, மெழுகு கலந்த ஷாம்பூவின் மிச்சமோதான். கண்ணாடி முழுவதையும் ஆல்கஹாலால் துடைத்தாலே வேலை முடிந்தது. அப்போதும் முத்து முத்தாக நின்றால் பிணைந்த கோட்டிங். இவை இரண்டும் இல்லாமல், நனைத்தால் மறைந்து காய்ந்தால் திரும்பத் தெரியும் வெள்ளை வளையங்கள் இருந்தால் அது போர் தண்ணீரின் உப்புக்கறை. அதற்கு வெள்ளை வினிகரோ சிட்ரிக் அமிலக் கரைசலோ போதும். பல மாத வெயிலில் கண்ணாடியையே அரித்துவிட்ட கறை மட்டும் அமிலத்துக்குப் போகாது. கீறல் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டியும் பாருங்கள். நகம் மாட்டினால் அதை எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

பிணைந்த கோட்டிங்கை எடுக்க நம்பகமான பொருள் சீரியம் ஆக்சைடு. லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் மெருகேற்றுகிறவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் மென்தூள் இது. வெறும் உராய்வால் மட்டுமல்ல, கண்ணாடியின் மேற்பரப்போடு வேதிவினை செய்தும் மெருகிடுவதால், சரியாகக் கையாண்டால் கீறாது. தயாராகக் கலந்த கிளாஸ் பாலிஷாகவும் கிடைக்கும். தூளாக வாங்கினால் தண்ணீர் விட்டுக் கெட்டி மோர் பதத்தில் கரைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் சில ஏற்பாடுகள். ரப்பர் பீடிங்குக்கும் பெயின்ட் விளிம்புக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். தூள் கறுப்பு பிளாஸ்டிக்கில் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்து லேசில் போகாது. வைப்பர் கையைத் தூக்கி நிறுத்தும்போது கண்ணாடி மேல் தடித்த துண்டை மடித்துப் போடுங்கள். ஸ்பிரிங் விசையில் அந்தக் கை பட்டென்று அடித்தால் கண்ணாடியே விரிசல் விடும். பிறகு கிளே பார் ஓட்டி, ஒட்டியிருக்கும் தூசியையும் மணலையும் எடுத்துவிடுங்கள். பாலிஷ் பேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மணல் துகள் சிக்கினாலும் போதும், நீங்களே கீறல் போட்டவர் ஆவீர்கள்.

கண்ணாடியை ஓரடிச் சதுரங்களாக மனத்தில் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடியுங்கள். ஃபெல்ட் பேடில் கரைசலைத் தொட்டு, நன்றாக அழுத்தி, மேலும் கீழுமாக, பிறகு இடமும் வலமுமாகத் தேயுங்கள். காயவிடாமல் அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். இங்கேதான் கண் பழக வேண்டும். தொடக்கத்தில் கரைசல் கண்ணாடியில் தங்காது. கோட்டிங் அதைத் தள்ளிவிடும், பேடு போன தடத்திலேயே அது பிரிந்து ஒதுங்கும். தேய்க்கத் தேய்க்க அந்த ஒதுங்கல் குறையும். கரைசல் எங்கும் ஒரே சீராகப் படிந்து நின்றால் அந்தச் சதுரம் முடிந்தது. அதற்கு முன் நிறுத்தினால் திட்டுத் திட்டாக மிச்சம் இருக்கும், வந்த புகாரே திரும்ப வரும். எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும் வேலை அல்ல இது. கரைசல் படிவதைப் பார்த்துச் செய்வது.

மெஷின் வேகமானதுதான். ஆனால் புதியவர்கள் கையால் பழகிய பிறகே அதைத் தொடுங்கள். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. ஒரே இடத்தில் பேடை நிறுத்தினால் சூடு ஏறும். கல் பட்ட சிப் ஏற்கெனவே இருந்தால் அங்கிருந்து விரிசல் ஓடக்கூடும். அப்படிச் சிப் உள்ள வண்டிக்கு மெஷினே வேண்டாம். ஓரிடத்தையே அதிகம் மெருகிட்டால் கண்ணாடி அங்கே லேசாகப் பள்ளமாகி, பார்க்கும் காட்சி நெளியும். அதைத் திருத்த வழியில்லை, கண்ணாடியையே மாற்ற வேண்டும். குறைந்த வேகம், தாராளமான தண்ணீர், நகர்ந்துகொண்டே இருக்கும் கை, அவ்வளவுதான்.

பலர் விட்டுவிடும் இடம் ஓரங்கள். வைப்பர் ஓய்வெடுக்கும் அடிப்பகுதி, இரண்டு பக்கத் தூண்களை ஒட்டிய பட்டை, மேல் மூலைகள் ஆகியவற்றில் கோட்டிங் கெட்டியாக இருக்கும். அதை விட்டுவைத்தால் பிளேடு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வந்து நடுவில் பூசும். பிளேடின் ரப்பரிலும் பழைய சிலிகோன் ஏறியிருக்கும். ஆல்கஹால் துணியால் கறுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள், அல்லது மாற்றச் சொல்லுங்கள். உட்பக்கம் இந்தப் பாலிஷை ஓட்டவே கூடாது. அங்கே ஃபிலிம் இருக்கலாம். பின்கண்ணாடி என்றால் உள்ளே சூடேற்றும் கம்பிக் கோடுகள் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டிகளில், அதன் எதிரே இருக்கும் பகுதியைக் கையால் மட்டும், மென்மையாகச் செய்யுங்கள்.

கழுவி முடித்ததும் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே தண்ணீர் அடியுங்கள். முழுக் கண்ணாடியிலும் நீர் ஒரே படலமாக இறங்க வேண்டும். தொழிற்சாலைகளில் பரப்புச் சுத்தத்தை அறியச் செய்யும் வாட்டர் பிரேக் சோதனையும் இதே தத்துவம்தான். வேலைக்கு முன் அதே இடத்தில் நீர் முத்தாக நின்ற போட்டோவைச் செல்போனில் வைத்திருந்தால் பேச்சே வேண்டாம். புதுக் கோட்டிங் வேண்டுமா என்று அதன் பிறகு கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், சுத்தமான கண்ணாடியும் நல்ல பிளேடும் மழைக்குப் போதும். கூலியைக் கண்ணாடியைப் பார்த்த பிறகே சொல்லுங்கள், போனில் சொல்லாதீர்கள். டீட்டெய்லிங் கடையில் வேலை கேட்டுப் போகும்போதும் இதே சோதனையை ஒரு வண்டியில் செய்து காட்டலாம். சான்றிதழைவிட அது கண்ணுக்குத் தெரியும்.

கடைசியாக, உங்கள் உடம்பு. தூளை மூச்சில் இழுக்காமல் மாஸ்க் போடுங்கள், நைட்ரைல் கையுறை அணியுங்கள். நிமிடத்தில் கறை போகும் என்று சில்லறையாக விற்கும் சில கண்ணாடி அமிலங்களில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அமோனியம் பைஃப்ளோரைடோ இருக்கும். அவை கண்ணாடியையே கரைப்பவை. தோலில் பட்டால் உடனே வலி தெரியாமலும் போகலாம், உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் அதிகமாகப் பட்டால் இதயத்தையே பாதிக்கும். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். என்ன அமிலம் என்பதை மருத்துவரிடம் பெயரோடு சொல்லுங்கள், அதற்கென்று கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்கிறது. உங்கள் கடையில் லேபிள் இல்லாத அமில பாட்டில் இருந்தால் தொடாதீர்கள். முதலாளியிடம் சொல்லி இன்றே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.