மீட்டர் காட்டும் வயதும் இரும்பு காட்டும் வயதும்

நெகிரி செம்பிலானில் ‘தோட்டத்து டிராக்டர்’ என்றால், பகாவ், ஜெம்போல், லாபு பக்கங்களில் செம்பனைக் குலைகளை உள்பாதையிலிருந்து லாரி நிற்கும் இடத்துக்கு இழுத்து வரும் சிறிய வண்டியைத்தான் சொல்கிறோம். நாலு ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருப்பவரும் குலை வெட்டும் காண்ட்ராக்டரும் பெரும்பாலும் பழைய வண்டியையே தேடுகிறார்கள். தேடிப் போகும்போது சில நம்பிக்கைகளும் கூடவே போகின்றன. மீட்டரில் மணி குறைவாக இருந்தால் வண்டி இளசு. ஒரே ஸ்டார்ட்டில் பிடித்தால் எஞ்சின் நல்லது. ஜப்பான் ரீகண்ட் (பழுதுபார்த்துப் புதுப்பித்தது) என்றால் புதுசு மாதிரி. மெஸ்ஸி ஃபெர்குசன் சாகவே சாகாது. இவற்றில் எதுவும் முழுப்பொய் இல்லை. ஆனால், விற்பவர் கேட்கும் விலைக்கு இவற்றில் ஒன்றுகூட ஆதாரம் ஆகாது. அந்த வண்டியில் இன்னும் எவ்வளவு உழைப்பு மிச்சம் இருக்கிறது, அந்த உழைப்பு உங்கள் நிலத்துக்கு எவ்வளவு தேவை என்ற இரண்டும் தெரிந்தால்தான் விலை சரியா தவறா என்று சொல்ல முடியும்.

மீட்டரை முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய டிராக்டர்கள் பலவற்றின் மணி மீட்டர் கடிகாரம் இல்லை. எஞ்சினிலிருந்து ஒரு கேபிள் அதைச் சுழற்றுகிறது. எஞ்சின் குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால்தான் அது ஒரு மணி நேரத்தை ஒரு மணி என்று எண்ணும். மெதுவாக ஓடினால் குறைவாக எண்ணும். குலை ஏற்றும் வண்டி நாளில் பாதி நேரம் மரத்துக்கு மரம் நின்று நின்று, எஞ்சின் அணையாமல் ஊர்ந்து போகிறது. ஆக, தோட்டத்தில் உழைத்த வண்டியின் மீட்டர் நேர்மையாக ஓடியிருந்தாலும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கேபிள் அறுந்தால் மீட்டர் நின்றுவிடும், வண்டி நிற்காது. நான்கு இலக்க மீட்டர் 9,999-ஐத் தாண்டினால் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். இரும்பைப் பார்த்தால் வேறு கணக்குத் தெரியும். டிரெய்லர் மாட்டும் துளை வட்டமாக இருக்கிறதா, நீண்டுபோய்விட்டதா? கிளட்ச் மிதியின் விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது? முன் அச்சின் நடு ஆணியில் ஆட்டம் உண்டா? டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன. 600 மணி மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியில் துளை நீண்டிருந்தால், துளையை நம்புங்கள். புதுப் பெயிண்ட் இதில் எதையும் மாற்றுவதில்லை.

ஒரே ஸ்டார்ட்டில் பிடிப்பது பற்றி நம் ஊரில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தால் அழுத்தம் குறையும், சூடும் குறையும். குளிர்நாட்டில் அப்படிப்பட்ட எஞ்சின் காலையில் பிடிக்காமல் தன் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். முப்பது டிகிரி வெயில் அடிக்கும் பகாவில் அதே எஞ்சின் முனகாமல் பிடித்துவிடும். நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் போனதும் எஞ்சினின் மேல் கை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். பிடித்த பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளிருந்து புகை தள்ளுகிறதா என்று கவனியுங்கள். பின்னால் பாரத்தைத் தூக்கி வைத்து எஞ்சினை அணைத்தால், ஹைட்ராலிக் கைகள் கொஞ்ச நேரமாவது தாங்க வேண்டும். மளமளவென்று இறங்கினால் உள்ளே கசிவு இருக்கிறது.

ஜப்பான் ரீகண்ட் வண்டிகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே வரும் சிறிய குபோத்தா, யன்மார், இசேக்கி வண்டிகளில் பல, 1970, 80-களில் ஜப்பானின் நெல்வயலுக்காகச் செய்யப்பட்டவை. சேற்றில் மண்ணைக் கிளறும் சுழற்கலப்பையைத் தூக்கிக்கொண்டு சமநிலத்தில் நகர்வது அவற்றின் வேலை. நன்றாகச் செய்யப்பட்ட வண்டிகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பதினைந்து குதிரைசக்தி வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அதன் பின்னால் ஒரு டன் குலையை ஏற்றிய டிரெய்லரை மாட்டி ரெம்பாவ் மேட்டிலிருந்து இறக்கினால், வண்டி டிரெய்லரைப் பிடித்து நிறுத்த முடியாமல், டிரெய்லரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும். சேற்றில் வாழ்ந்த வண்டியின் முன்சக்கர அச்சுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அடைப்பாணியைத் திறந்து பார்க்கும்போது எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அதுதான் அடையாளம். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த மாடல்களின் சில உதிரிபாகங்கள் ஏற்றுமதி மாடல்களோடு பொருந்துவதில்லை. ‘ரீகண்ட்’ என்ற சொல், என்ன மாற்றப்பட்டது என்ற பட்டியல் இல்லாதவரை, வெறும் சொல்தான்.

மெஸ்ஸி ஃபெர்குசன் 135-ஐ மதிப்பதில் நியாயம் இருக்கிறது. 1964 முதல் 1975 வரை வந்த மாடல் அது. அந்தக் குடும்பத்து வண்டிகளை, 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் பல ஆண்டுகள் தயாரித்ததால் உதிரிபாகம் கிடைப்பது எளிது. ஆனால் பாகம் கிடைக்கும் என்பதால், அதை மாற்றும் செலவு இல்லாமல் போய்விடாது.

செலவைக் கணக்குப் போட்டே பார்ப்போம். மலேசியாவில் அண்மை ஆண்டுகளில் செம்பனைக் குலையின் சராசரி விளைச்சல் ஹெக்டருக்கு ஏறத்தாழ 16 டன். பத்து ஏக்கர் என்பது சுமார் 4 ஹெக்டர். ஆண்டுக்கு 64 டன். நடைக்கு ஒரு டன் என்றால் 64 நடை. கேட்கும் விலை 15,000 ரிங்கிட், பின்டயர்களுக்கும் கிளட்சுக்கும் அச்சு சீல்களுக்கும் இன்னொரு 5,000 என்று வைத்துக்கொண்டால், உண்மையான விலை 20,000. ஐந்து ஆண்டு ஓடினால் 320 நடை. டீசலும் டிரைவர் கூலியும் சேராமலே நடைக்கு 62 ரிங்கிட் 50 சென். உங்கள் பக்கத்தில் வாடகைக்கு இழுப்பவர் கேட்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘திரும்ப விற்றால் பாதிப் பணம் வருமே’ என்று கேட்கலாம். வரும். பாதி வந்தால் நடைக்கு 31 ரிங்கிட் 25 சென். ஆனால் அடுத்து வாங்க வருபவரும் இதே துளையையும் எண்ணெயையும்தான் பார்ப்பார். உரம் ஏற்ற, புல் வெட்ட, பக்கத்துத் தோட்டத்துக்கு வாடகைக்கு விட என்று வேலை கூடினால் கணக்கு மாறும். முப்பது ஏக்கர்க்காரருக்கு நியாயமான விலை, பத்து ஏக்கர்க்காரருக்கு நஷ்டமாக முடியலாம்.

‘இவ்வளவு பார்த்துக்கொண்டிருந்தால் வேறொருவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்’ என்பது இன்னொரு பேச்சு. மேலே சொன்ன சோதனைகளுக்கு அரை நாள் போதும். அந்த அரை நாளையும் தரமாட்டேன் என்பவரின் வண்டி போகட்டும். தார்ச்சாலையைக் கடக்க வேண்டிய நிலம் என்றால் கிரான்ட் (பதிவுப் பத்திரம்) இருக்கிறதா, சேசிஸ் எண் அதோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அந்த நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

கடைசியாக ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம். பல ரீகண்ட் வண்டிகளில் அது இருப்பதில்லை. பலர் அதைக் குறையாகவே எண்ணுவதும் இல்லை. ‘இத்தனை வருஷம் அது இல்லாமல்தானே ஓட்டினோம்’ என்பார்கள். ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. வண்டி கவிழ்ந்து இறப்பவர்களின் எண்ணிக்கை அங்கே வெகுவாகச் சரிந்தது. ஜெலுபு, ரெம்பாவ் சரிவுகளில் மழை நனைத்த செம்மண்ணில் ஓட்டப் போகிறீர்கள் என்றால், ரோல் பாரும் சீட் பெல்ட்டும் பொருத்தும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பொருத்தவே முடியாத வண்டி என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.