'பார்க்கலாம்' என்று எழுதினால் ஜெர்மன்காரருக்கு என்ன புரியும்?

கேள்வி: நான் செர்டாங்கில் இருக்கிறேன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வந்த பிறகு வீட்டில் முறுக்கு சுட்டு விற்கத் தொடங்கினார். இப்போது நானும் இரண்டு பெண்களும் ஒரு சின்னப் பட்டறையில் முறுக்கு, அச்சுமுறுக்கு, ஓமப்பொடி செய்கிறோம். கூலிம், பாரிட் புந்தார், நிபோங் திபால் கடைகளுக்குச் சரக்குப் போகிறது. கூலிம் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த ஒரு ஜெர்மன்காரர், தன் ஊரில் ஆசிய உணவுக் கடை வைத்திருக்கும் நண்பரிடம் எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைக்காரர், "ஆகஸ்ட் 15-க்குள் 300 கிலோ முறுக்கு தர முடியுமா?" என்று கேட்டார். "பார்க்கலாம், முயற்சி செய்கிறோம்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கடையில் விளம்பரமே வைத்துவிட்டார். ஒசாகாவில் ஒருவர் மாதிரிப் பொட்டலம் வாங்கிப் பார்த்து, "மிக நன்றாக இருக்கிறது, பரிசீலிக்கிறோம்" என்று எழுதினார். அதை நம்பி மாவு வாங்கி வைத்தேன். மூன்று மாதமாகப் பதில் இல்லை. என் ஆங்கிலம்தான் குறையா? சென்னையிலும் ஒரு கடையில் கேட்கிறார்கள். அங்கே தமிழ்தானே, சிக்கல் வராது என்று நினைக்கிறேன். வழி சொல்லுங்கள்.
– வாசகி, செர்டாங், கெடா

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் ஆங்கிலத்தில் குறை எதுவும் இல்லை. நீங்கள் எழுதியது தமிழ். எழுத்து மட்டும்தான் ஆங்கிலம். நம் ஊரில் ஒருவர் "பார்க்கலாம்" என்றால் கேட்பவர் அந்தச் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு போவதில்லை. சொன்னவரின் முகம், சொல்லும் முன் இழுத்த மூச்சு, அடுத்து பேச்சு எந்தப் பக்கம் திரும்பியது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். பாதி நேரம் அது "முடியாது" என்பதன் மரியாதையான வடிவம். பக்கத்துக் கம்பத்து அக்கா மலாயில் அதே பொருளில் "தெங்கோக் டூலு லா" என்று சொன்னால் அவருக்குச் சரக்கு வேண்டுமா வேண்டாமா என்று உங்களுக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். சீனக் கடை முதலாளியான தவுக்கே விலையைக் கேட்டுவிட்டு வேறு கதை பேசத் தொடங்கினாலும் தெரியும். செர்டாங் கடைத்தெருவில் மூன்று மொழியில் வியாபாரம் செய்கிற உங்களுக்கு இது புதிய பாடம் இல்லை.

ஜெர்மன்காரருக்கு உங்கள் முகமும் மூச்சும் போய்ச் சேரவில்லை. ஒரு எண்ணையும் ஒரு தேதியையும் கொடுத்து அவர் கேள்வி கேட்டார். நீங்கள் இல்லை என்று சொல்லவில்லை. அவர் பழகிய வழக்கத்தில், முடியாதென்றால் எதிரில் இருப்பவர் முடியாது என்று எழுதியிருப்பார். அதனால்தான் விளம்பரம் வைத்தார். அதில் அவசரமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1976-இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை விளக்கினார். சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி சூழலிலும் உறவிலும் இருக்கிறது. வேறு சிலவற்றில் அது சொல்லுக்குள்ளேயே முழுதாக வைக்கப்படுகிறது. ஜப்பானை முதல் வகைக்கும் ஜெர்மனியை இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நாம் ஜப்பான் பக்கம் நிற்கிறோம். அப்படியிருந்தும் ஒசாகா விஷயத்தில் ஏமாந்தது ஏன்? "கெந்தோ ஷிமாசு" என்பது அவர்களுடைய "பார்க்கலாம்". பரிசீலிக்கிறோம் என்று பொருள். அதோடு ஒரு தேதியோ, விலை பற்றி ஒரு கேள்வியோ வராவிட்டால் பெரும்பாலும் அது மறுப்புத்தான். ஜெர்மன்காரருக்கு நீங்கள் செய்ததை ஒசாகாக்காரர் உங்களுக்குச் செய்திருக்கிறார். இருவரும் பண்போடுதான் நடந்திருக்கிறீர்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில். ஒரு ஜெர்மன் வாடிக்கையாளருக்கு "எங்களால் இயன்றதைச் செய்வோம்" என்று எழுதினேன். சரக்கு 12 நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அவர் தாமதத்துக்காகச் சத்தம் போடவில்லை. தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தாமதமாகும் என்று உங்களுக்கு எந்த நாள் தெரிந்தது?" எனக்குத் தெரிந்து பத்து நாள் ஆகியிருந்தது. பத்து நாளும் அவர் மனம் நோகக் கூடாது என்று சொல்லாமல் இருந்தேன். அவருக்கோ அந்தப் பத்து நாள்தான் இழப்பு. முன்னமே தெரிந்திருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்பார். அன்றிலிருந்து இன்றுவரை, கெட்ட செய்தியைத்தான் முதலில் எழுதுகிறேன்.

முடியாது என்று சொல்ல நமக்கு வாய் வராததற்குத் தோட்ட வாழ்க்கையும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1919-இல் தொடங்கிய தோட்ட அதிகாரிகளின் சங்கம், இங்கிலாந்திலிருந்து வந்த இளம் துரைமாருக்குத் தமிழ்த் தேர்வு வைத்தது. துரைக்குத் தமிழ் தெரிந்தது. ஆனால் "சரிங்க தொரை" என்ற சொல்லில் எது சம்மதம், எது பயம் என்று எந்தத் தேர்வும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் நின்றவர்கள் இல்லை என்று சொன்னால் அன்றைய பேர், அதாவது கூலி, போயிற்று. உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்தச் "சரிங்க" நம் வீட்டுப் பேச்சிலும் கடிதத்திலும் இன்னும் இருக்கிறது.

கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் ஐ.பி.எம். கம்பெனி ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கணக்கெடுப்பை வைத்து, மேலதிகாரிக்கும் கீழுள்ளவருக்கும் உள்ள இடைவெளியை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்று நாடுகளுக்குப் புள்ளி போட்டார். பின்னால் விரிவாக்கிய பட்டியலில் மலேசியா 104 புள்ளியோடு உச்சியில் நிற்கிறது, ஜெர்மனிக்கு 35. வணிகக் கல்லூரிகளில் இந்தப் பட்டியலை வேதம்போல் படிக்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஒரே கம்பெனியின் ஊழியர்களைக் கேட்டு எடுத்த எண் அது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே எண் போட்டால் செர்டாங் கடைத்தெரு அதில் அடங்காது. அதனால் ஒசாகாக்காரரையும் எண்ணாகப் பார்க்காமல் ஓர் ஆளாகப் பாருங்கள்.

உங்கள் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் அடையாள அட்டையில், மகள் என்று பொருள்படும் ஏ/பி போட்டு அப்பா பெயர் இருக்கும். ஜெர்மன்காரர் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, உங்கள் அப்பா பெயருக்கு முன்னால் திருமதி என்ற பொருளில் "ஃப்ராவ்" சேர்த்து எழுதுவார். சுங்கத் தாளில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்றாகிவிட்டால் பணம் வருவது இழுக்கும். முதல் கடிதத்திலேயே, "இது என் பெயர், அடுத்தது என் தந்தை பெயர், என்னை இப்படி அழைக்கலாம்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அவர்கள் மொழியிலும் நீ, நீங்கள் என்று "டு", "ஸீ" இருக்கிறது. அவராக மாற்றும்வரை மரியாதை வடிவத்திலேயே இருங்கள். இது நமக்குச் சிரமமான காரியம் இல்லை.

எண்ணில் இன்னும் கவனம் வேண்டும். ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. நீங்கள் ஒன்றரைக் கிலோ பொட்டலத்தை 1.500 கிலோ என்று எழுதினால் அங்கே அது ஆயிரத்து ஐந்நூறு கிலோ. 1500 கிராம் என்று எழுதிவிட்டால் வம்பில்லை. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 05/06 என்றால் நமக்கு ஜூன், அமெரிக்கருக்கு மே.

இனி அட்டைப்பெட்டி. முறுக்கில் எள் போடுகிறீர்கள். ஐரோப்பாவில் ஒவ்வாமை தரும் 14 பொருள்களைச் சேர்மானப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். எள்ளும் நிலக்கடலையும் பாலும் அதில் உண்டு, நெய் சேர்த்தால் பால் சேர்த்த கணக்கு. அமெரிக்காவிலும் 2023 ஜனவரி முதல் எள் கட்டாயப் பட்டியலில் வந்துவிட்டது. பலரும் தவறவிடுவது பெருங்காயத்தை. அரிசி மாவும் உளுந்தும்தானே, கோதுமை இல்லை என்று எழுதிவிடுவார்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். அங்கே கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் உங்கள் சொல்லை நம்பித்தான் சாப்பிடுவார்.

அச்சுமுறுக்கைப் பற்றி உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. நம்மூர் மலாய்க்காரர்களுக்கு அது குவே ரோஸ். கேரளத்தில் அச்சப்பம். இலங்கையில் கொக்கிஸ், டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். நார்வே, சுவீடன் வீடுகளிலும் பூ வடிவ இரும்பு அச்சை மாவில் முக்கி எண்ணெயில் பொரிக்கிறார்கள். ஜெர்மன் கடைக்காரருக்கு முறுக்கை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அச்சுமுறுக்கின் படத்தை அனுப்பினால், இதுபோல் ஒன்றை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று அங்கே சிலருக்காவது தோன்றும். தேங்காய்ப்பாலில் பிசைந்தது என்று ஒரு வரி சேர்த்தால் உங்களுடையது எப்படி வேறு என்றும் தெரிந்துவிடும்.

அதே அச்சுமுறுக்குத்தான் சென்னையில் உங்களைச் சிக்கலில் மாட்டும். நாம் முட்டை சேர்க்கிறோம். இந்தியாவில் பொட்டல உணவுக்குச் சைவம் என்றால் பச்சைப் புள்ளி. முட்டை சேர்ந்தால் அசைவக் குறியீடு போட வேண்டும். தீபாவளிப் பலகாரத்தில் அசைவக் குறியைப் பார்த்தால் சைவ வீட்டார் தொடக்கூட மாட்டார்கள். முட்டை இல்லாமல் தனியாக ஒரு பக்குவம் செய்து பாருங்கள். பேச்சிலும் கவனம் வேண்டும். மொழி ஒன்று என்பதால் எதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள மாட்டீர்கள். "பசியாறிட்டீங்களா" என்று நீங்கள் கேட்பதைச் சென்னைக் கடைக்காரர் வேறு சொல்லில் கேட்பார். அவர் "லட்சம்" என்பதை நீங்கள் ரிங்கிட்டில் நினைப்பீர்கள். "அனுப்பிடலாம்மா" என்று அவர் சொன்னால் எந்தத் தேதி என்று கேளுங்கள். தமிழ் பேசுகிறவரிடம் தேதி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஹலால் பற்றி நீங்கள் கேட்கவில்லை. உள்ளூரில் மலாய்க்கார வாடிக்கையாளர் இருப்பதால் சொல்கிறேன். 2011 சட்டத்தின்படி அந்த முத்திரையை மலேசிய இஸ்லாமிய வளர்ச்சித் துறையான ஜாக்கிமும் மாநில இஸ்லாமிய சமய மன்றங்களும்தான் தர முடியும். நாமாக அச்சிட்டால் குற்றம். சான்றிதழ் எடுக்கும் பட்டறைக்குள் சாமி மேடை இருக்கக் கூடாது என்பது விதி. இது மனதுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சில குடும்பங்கள் வெள்ளிக்கிழமை விளக்கை வீட்டில் ஏற்றிவிட்டுப் பட்டறையைத் தனியாக வைத்துக்கொள்கின்றன. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

ஒசாகாக்காரருக்கு ஒரு சின்னக் கடிதம் போதும். பருவத்தைப் பற்றி, உடல்நலத்தைப் பற்றி இரண்டு வரி எழுதித் தொடங்குங்கள். அது அவர்கள் மரபு. வாங்குவீர்களா இல்லையா என்று கேட்காதீர்கள். "உப்பும் காரமும் உங்கள் வாடிக்கையாளருக்கு ஏற்றபடி இருந்தனவா? பொட்டலம் இன்னும் சிறிதாக இருக்கலாமா?" என்று கேளுங்கள். மனமிருந்தால் பதில் நீளமாக வரும். இல்லாவிட்டாலும் அவருக்குச் சங்கடம் இல்லாமல் ஒரு வழி கிடைக்கும். மாவைத் தீபாவளிச் சரக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன்காரருக்கு முதல் வரியிலேயே இப்படி எழுதுங்கள்: "ஆகஸ்ட் 15-க்குள் 300 கிலோ எங்களால் தர முடியாது. 120 கிலோ தர முடியும். மீதி 180 கிலோவை அக்டோபர் 10-இல் அனுப்புவோம். என் முந்தைய கடிதம் தெளிவாக இல்லை, மன்னிக்கவும்." எண்களை உங்கள் அடுப்புக்கும் ஆளுக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் முடிகிறதை மட்டும் எழுதுங்கள். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, அவருக்குச் சனியும் ஞாயிறும். ஆக இருவருக்கும் பொதுவான வேலை நாள் திங்கள் முதல் வியாழன்வரை நான்கே நாள். இதையும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். அவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதி, திங்கள் காலை அனுப்புங்கள். அங்கே அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். அவர் கடை திறக்கும்போது உங்கள் கடிதம் காத்திருக்கும். பதில் வெள்ளிக்கிழமை வந்தால், "கிடைத்தது, ஞாயிறு விரிவாக எழுதுகிறேன்" என்று கைபேசியிலிருந்தே ஒரு வரி போட்டுவிடுங்கள்.