பால்பல்லின் குழியை எதனால் அடைப்பது?

"விழப்போகும் பல்தானே, அதற்கு வைத்தியம் எதற்கு?" ஜித்ரா வட்டாரத் தோட்டங்களில் பெற்றோர் பலர் இவ்வாறு கூறக் கேட்டிருக்கிறோம். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவது மெய்யே. ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. ஆறாம் வயதில் அவற்றின் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. பால்பல்லை முன்னதாகவே பிடுங்கிவிட்டால், அது முன்னே சாய்ந்து, அடுத்து வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆசிரியப் பணியிலிருந்த நாளில், கன்னத்தில் கைவைத்துக் கணக்குப் போடாமலிருந்த பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்ததுண்டு. வாயைத் திறக்கச் சொன்ன பின்னரே காரணம் விளங்கிற்று.

பெரியவர்கள் பலரின் கடைவாயில் கருமையாகத் தெரியும் அடைப்பு அமல்கம் ஆகும். வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த பொடியை ஏறக்குறைய அதே எடையுள்ள பாதரசத்தில் குழைத்துச் செய்வது. உறுதியானது, ஆயினும் பல்லோடு தானாக ஒட்டாது. அது தங்குவதற்காக நல்ல பகுதியையும் சிறிது குடைய வேண்டும். பாதரசத்தைக் குறைக்கும் பொருட்டு, மினமாத்தா உடன்படிக்கை நாடுகள் 2022-இல், பால்பற்களுக்கும் 15 வயதுக்குட்பட்டோருக்கும் மருத்துவர் தேவையெனக் கருதினாலன்றி அமல்கம் கூடாதென முடிவு செய்தன. முன்பே அடைத்துக்கொண்டவர்கள் அஞ்சி அதனைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை.

இன்று பால்பற்களுக்குப் பெரிதும் பயன்படுவது கண்ணாடி அயனோமர் சிமெந்து. 1972-இல் லண்டன் ஆய்வாளர் வில்சன், கென்ட் இருவரும் இதனை உலகுக்கு அறிவித்தனர். ரப்பர்ப் பாலில் அமிலம் சேர்த்ததும் அது உறைவதை நாம் அறிவோம். முறை வேறாயினும், இங்கும் கண்ணாடிப் பொடி அமிலத்துடன் சேர்ந்தே சில நிமிடங்களில் இறுகுகிறது. பல்லோடு தானே ஒட்டுவதால் குடைவது குறைவு. புளோரைடையும் சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. குறை, தேய்மானம், இரு பற்களுக்கு இடையே அகன்ற குழியாயின் உடையவும் கூடும்.

பல்லின் நிறமுடைய பிசின் அடைப்பு அழகியது. ஆனால் உமிழ்நீர் படாதிருக்க வேண்டும். அழுது திமிறும் மூன்று வயதுப் பிள்ளையிடம் அது எளிதன்று! பல் பெரிதும் சிதைந்திருந்தால், துருப்பிடிக்காத எஃகுத் தொப்பியைப் பல்லின்மேல் பொருத்துவர். பளபளப்பைக் கண்டு சில தாய்மார்கள் தயங்குகின்றனர்; பல் விழும்போது தொப்பியும் உடன் விழுந்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் அடைக்கும் தாதியருக்கு 1949 முதல் பினாங்கில் பயிற்சியளிக்கப்பட்டு வந்தது. ஆகவே இது நமக்குப் புதிய சேவையன்று. குழி சிறு கரும்புள்ளியாக இருக்கும்போதே பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். இரவில் வலித்து அழுதாலோ ஈறு வீங்கினாலோ கிருமி வேர்வரை சென்றிருக்கலாம்; அப்போது வெறும் அடைப்பு போதாது. சிமெந்து வைத்த பின் ஒரு மணி நேரம் எதையும் மெல்லக் கொடுக்காதீர்கள். டின்பால் புட்டியோடு பிள்ளையை உறங்க விடும் வழக்கத்தை அன்றிரவே நிறுத்துங்கள்.