வராத காய்ச்சலுக்கு நன்றி

நமது சங்கக் கூட்டங்களில் நன்றியுரை எப்பொழுதும் கடைசி அம்சம். பிரதம விருந்தினருக்கும் அதிகாரிகளுக்கும் பெயர் சொல்லி நன்றி கூறுவோம். பின்னர் "மற்றும் அனைவருக்கும்" என்று முடித்துவிடுவோம். அந்த "அனைவரும்" யார்? அரச திணைக்களங்களின் சாதாரண ஊழியருக்கு ஒரு தலைவர் எவ்வாறு நன்றி சொல்ல வேண்டும்? இப்பாடத்தில் இதனைச் சிந்திப்போம்.

மலேரியா தரும் பாடம்

1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாவால் நம் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். பல்லாண்டு உழைப்பின் பின் 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்தது என்று எண்ணி மருந்து தெளிப்பதும் கண்காணிப்பதும் தளர்ந்தன. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

போர்க்காலத்தில் இந்த நோயை நாம் நன்கு அறிவோம். மரநிழலிலும் தறப்பாள் கொட்டிலிலும் இருந்தவர்களை நடுக்கத்துடன் வந்த காய்ச்சல் விட்டுவைக்கவில்லை. 1999இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களில் மிகப் பலர் வடக்கு, கிழக்கைச் சேர்ந்தவர்கள். ஆயினும் மலேரியா தடை இயக்கத்தின் பணி இங்கு முற்றாக நின்றுவிடவில்லை. விரலில் குத்தி இரத்தம் எடுத்தவர், கண்ணாடித் துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தவர், வீட்டுச் சுவருக்கு மருந்து அடித்தவர், மாத்திரையை முழுவதும் விழுங்கும்படி வற்புறுத்தியவர் எனப் பலர் உழைத்தனர். 2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூரில் தொற்றிய மலேரியா நோயாளர் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக எவரும் காணப்படவில்லை. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி, இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அப்போது அந்நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியப் பணிப்பாளராக இருந்த கலாநிதி பூனம் கேத்ரபால் சிங், நாட்டை வாழ்த்தியதோடு நின்றுவிடவில்லை. நோய் மிகுந்த இடங்களைத் தேடிச் சென்ற நடமாடும் சிகிச்சை நிலையங்களையும் அவற்றால் விளைந்த பயனையும் எடுத்துக் கூறினார். செய்த வேலை இன்னது என்று அறிந்து சொல்லும் பாராட்டே உண்மையான பாராட்டு.

இத்தகைய ஊழியருக்கு நன்றி கிடைப்பது அரிது. பாலம் கட்டியவரின் வேலை கண்ணுக்குத் தெரியும். நோயைத் தடுத்தவரின் வேலை தெரியாது. வராத காய்ச்சலை யார் காண்கிறார்கள்? வேலை வெற்றி பெறப் பெற, அதைச் செய்தவர் மறக்கப்படுகிறார். மறதி வெறும் நன்றியீனம் மட்டுமல்ல, ஆபத்தும் ஆகும். 1963இற்குப் பின் நடந்ததே அதற்குச் சாட்சி. 2016இன் இறுதியில், இந்நாட்டில் முன்பு காணப்படாத ஒருவகை மலேரியா நுளம்பு மன்னாரில், கிணறுகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. இன்று கிணற்றைப் பார்க்க வரும் ஊழியர் வீண்வேலை செய்பவரல்லர்.

புனித பவுல் காட்டிய வழி

உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தைப் பலர் வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிவிடுவர். அங்கே பவுல் இருபதுக்கு மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பலருக்கு, அவர்கள் செய்ததையும் சொல்கிறார். பிரிஸ்காவும் அக்கிலாவும் அவருக்காகத் தம் உயிரையே பணயம் வைத்தவர்கள். மரியா மிகவும் உழைத்தவர். நிவாரணப் பட்டியலில் வெறும் இலக்கமாக நின்ற நமக்கு, பெயர் சொல்லி அழைக்கப்படுவதன் அருமை தெரியும்.

நாம் செய்யக்கூடியவை

1. வேலையைக் குறிப்பிட்டு நன்றி சொல்வோம். "நல்ல சேவை செய்தார்" என்பது போதாது. "மழைக்காலத்தில் ஒவ்வொரு கிழமையும் வந்து கர்ப்பிணித் தாய்மாரைப் பார்த்தார்" என்று சொல்வோம்.

2. மேலதிகாரிக்குத் தெரியப்படுத்துவோம். கூட்ட அறிக்கையில் பதிந்து, அதன் பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கோ பிரதேச செயலருக்கோ அனுப்புவோம். பொன்னாடையைவிட இந்தக் கடிதம் அந்த ஊழியருக்கு உதவும்.

3. அன்பளிப்பாகப் பணமோ பொருளோ கொடுக்க வேண்டாம். இன்று நன்றியாகக் கொடுப்பது நாளை எதிர்பார்ப்பாகிவிடும். கொடுக்க இயலாத ஏழைக் குடும்பமே அதனால் பாதிக்கப்படும்.

4. நன்றி சொன்னதால் குறையைச் சொல்லாமல் விட வேண்டாம். சேவை பெறுவது நம் உரிமை. அதனைக் கேட்கக் கைகட்டி நிற்கத் தேவையில்லை. நல்லதை நேர்மையாகச் சொல்லும் சங்கம் குறை சொல்லும்போது, அதன் வார்த்தைக்கு மதிப்பு இருக்கும்.

கலந்துரையாடுவோம்

அ. கடந்த ஆண்டில் நம் கிராமத்தில் வராமல் தடுக்கப்பட்ட துன்பம் எது? அதற்காக உழைத்தவர் யார்? அவர் பெயர் நமக்குத் தெரியுமா?

ஆ. எந்த அலுவலகத்தில் நாம் பயந்து பேசுகிறோம்? எங்கே மனிதராக மதிக்கப்படுகிறோம்?

இ. அடுத்த கூட்டத்தில் யாருக்கு, எந்த வேலைக்காக நன்றிக் கடிதம் எழுதலாம்? எழுதும் பொறுப்பை யார் ஏற்பார்?